பச்சைக்கு அடியில்

ஆராயியின் முதல் கவிதை பதினேழு தடவை காஷ்மீர் போய் வந்திருக்கிறது. இமயமலையே அதைப் படித்துவிட்டு ஒதுங்கி வழிவிட்டதாம். சேலத்தில், பழைய லாரி உடைக்கும் பட்டறையில் நின்று நாற்பத்தைந்து வயதுக் கவிஞரான ஆராயி இதைச் சத்தியம் பண்ணிச் சொல்கிறாள். "உம்பட புளுகுக்கு லாரியே சிரிக்கும் அம்மிணி" என்கிறார், தலையில் துண்டோடு அண்ணன் தங்கமுத்து. அவள் புத்தகங்களில் அம்மாவை அடிக்கிற அப்பாவும் புளுகுதான் என்று அவர் ஊரெல்லாம் சொல்லி வருகிறார். அப்பா லாரிகளுக்குப் பெயின்ட் அடித்தவர். இதோ இந்த லாரியின் பின்கதவில் 'ஒலி எழுப்பவும்' என்று எழுதச் சொன்னபோது, பதினோரு வயது ஆராயி வேறொன்றை எழுதினாள். லாரி வடக்கே போய்த் திரும்பியதும் அப்பா அதன்மேல் பச்சை பூசினார். அவள் விரலையும் ஒடித்தார். சைக்கிளில் விழுந்து ஒடிந்தது என்பார் அண்ணன். இப்போது கேஸ் கட்டரின் நீலத் தீ அந்தக் கதவைத் தொடுகிறது. வருடாவருடம் எஃப்.சி. தகுதிச் சான்றுக்காகப் பூசிய வண்ணங்கள் அப்பளமாய்க் கொப்பளித்து உதிர்கின்றன. மஞ்சள், நீலம், கடைசியில் பச்சை. அடியில் கோணல்மாணலாய் வெள்ளை எழுத்து: 'அம்மாவை அடிச்ச கையில சோறு ஒட்டாமப் போகட்டும்.' "நிறுத்துங்க சாமி!" என்று ஆராயி கத்துவது கட்டரின் இரைச்சலில் யாருக்கும் கேட்கவில்லை. எழுத்துகள் கருகிச் சுருள்கின்றன. கதவு முழுக்கக் கரியான பிறகுதான் தங்கமுத்து வாயைத் திறக்கிறார். "அம்மாவை அடிச்சது நெசந்தான் அம்மிணி. உம்பட வெரலை ஒடிக்கறப்ப, கையைப் புடிச்சுக் குடுத்ததே நாந்தான்."