இனிமே சேர்ந்தே வர்றோம்

"முதல்ல வந்தவன் ஒண்ணும் கிழிக்கல! அடுத்து வந்தவனால என் தூக்கம் போனதுதான் மிச்சம்! இப்ப ரெண்டையும் ஒண்ணா உள்ள விடணுமா?"

மாமனார் போனில் போட்ட கூச்சல் தெருமுனை வரை கேட்டது. புற்றுநோய் வயிற்றில்தான்; தொண்டைக்கு ஒரு குறையும் இல்லை.

மாமியார் கையைப் பிசைந்தாள். "மெல்லப் பேசுங்க! வாசல்ல பெரிய மாப்பிள்ளை நிக்கிறார்!"

அவர் காதில் விழவே இல்லை. "தனித்தனியா ரெண்டும் தண்டம். சேர்ந்தாலாவது உருப்படுதான்னு பார்ப்போம்!"

பெரிய மாப்பிள்ளை விருட்டென்று திரும்பிப் போனார். யார் காரை யார் உரசியது என்ற சண்டையில் சின்னவரோடு பேச்சை விட்டவர் அவர். மாமனாரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவதிலும் ஆளுக்கொரு வாரம் என்று முறை வைத்து, முகம் பார்க்காமல் தப்பித்து வந்தார்கள்.

மாலையில் சகலைகள் இருவரும் ஒரே காரில் வந்து இறங்கினார்கள்.

"இனிமே சேர்ந்தே வர்றோம் மாமா," என்றார் பெரியவர், தலையைக் குனிந்துகொண்டு.

அவர்கள் போனதும் மாமனார் திருதிருவென்று விழித்தார். "இவங்களுக்கு என்னடி ஆச்சு?"

"நீங்க போன்ல திட்டினதை வாசல்ல நின்னு பெரியவர் கேட்டுட்டாரே!"

"நான் டாக்டர்கிட்ட மருந்தைத்தானே திட்டினேன்? தனியா கேட்காத ரெண்டு மருந்தையும் சேர்த்துக் கொடுக்கப் போறாராம்."

மாமியாருக்கே அப்போதுதான் உறைத்தது. "அய்யோ, அதை அவங்ககிட்ட உளறி வைக்காதீங்க! இனிமே மருந்துக்கு மட்டும் வாயைத் திறந்தா போதும்!"

கட்டி சுருங்கியது. அடுத்த வருஷமே சகலைகள் ஒரே வீட்டில் மாடியும் கீழுமாகக் குடிபோனார்கள். எந்த ஜோடியால் மாமனார் தேறினார் என்று கேட்டால், மாமியார் சிரித்து மழுப்பிவிடுகிறாள்.