விலாசம் மட்டும்

"கம்ப்யூட்டர் ராத்திரி பகலா ஓடுது. சேவ் பண்ணிட்டு அணைச்சாத்தான் என்ன? நான் சொன்னா இந்த வீட்ல யாராவது கேக்கறாங்களா?" காலையில் கத்திவிட்டுத்தான் புரோகிராமர் ஆபீஸ் கிளம்பினான். வீட்டில் இருப்பதோ மனைவியும் ஒரு பூனையும்.

"அணைச்சா, திரும்பத் திறக்கிறதுக்குள்ள எழுத வந்தது மறந்துபோகுது" என்றாள் அவள், திரும்பிக்கூடப் பார்க்காமல். மேசைக்கு அடியில் கணினிப் பெட்டியின் சூட்டுக்காக அதன்மேல் பூனை சுருண்டு கிடந்தது.

அவள் சீரியலுக்கு வசனம் எழுதுகிறவள். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் வயதையும் வசனத்தையும் சேர்த்துவைக்க அவன்தான் ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்திருந்தான். அதில் அவளுடைய ஒரு மாத உழைப்பு இருந்தது. நாளைக்குக் கொடுத்தாக வேண்டும்.

மதியம், அவளுக்காக அச்செடுக்கலாமென்று அவள் கோப்பை நகலெடுத்து வந்த பென்டிரைவை ஆபீஸில் செருகினான். சீரியல் மாமியாருடைய வயது சரியாக வந்தது. வசனம் இருக்க வேண்டிய இடத்தில் கட்டம் கட்டமாகக் குப்பை.

தூக்கம் கெட்ட மூளைக்கு மெதுவாகத்தான் புரிந்தது. வயதுக்கு எல்லோருக்கும் ஒரே அளவு இடம் போதும். வசனம் அப்படியா? மாமியார் பக்கம் பக்கமாகப் பேசுவாள், மாமனார் 'ம்' என்பார். அதனால் வசனம் நினைவகத்தில் வேறெங்கோ இருக்க, பாத்திரத்திடம் அதன் விலாசம் மட்டும்தான் இருந்தது. கோப்பில் இவன் புரோகிராம் சேமித்ததும் அந்த விலாசத்தைத்தான்!

புரோகிராமை மூடிவிட்டால் அந்த விலாசத்தில் ஆளிருக்காது. எழுதிக் கொடுத்த அன்றைக்கு மூடாமலே சோதித்ததால் எல்லாம் சரியாக வந்து தொலைத்தது.

'அணைச்சிடாதே' என்று சொல்ல வீட்டுக்குப் போன் மேல் போன் போட்டான். எழுதும்போது அவள் எடுக்கவே மாட்டாள். அரை நாள் லீவு சொல்லிவிட்டு வண்டியை விரட்டினான்.

அறையில் திரை இருண்டு கிடந்தது. பெட்டிமேல் இருந்த பூனை ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டது. அவன் நாற்காலியில் அப்படியே சரிந்தான். அவளிடம் எந்த முகத்தோடு சொல்வது?

"அணைச்சுட்டியா?" என்றான், உள்ளே வந்தவளிடம்.

"வண்டிச் சத்தம் கேட்டதும் திரையை மட்டும் அணைச்சேன். வந்ததும் வராததுமா கத்துவீங்களே!" என்றபடி அவள் திரையின் பொத்தானைத் தட்டினாள். மாமியார் பாதி வசனத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

"அப்போ... பெட்டி?"

"நீங்க சொல்லி நான் என்னைக்குக் கேட்டிருக்கேன்?"