ஏவாளின் நீலக் கவுன்

"இதோ வந்திருக்காங்க, நம்ம ஏவாளுக்குக் கவுன் மாட்டிவிட்ட மகராசி!"

மேயர் மைக்கில் சொன்னதும் அருங்காட்சியகமே சிரித்தது.

கடைசி வரிசையில் வால்புர்கா அம்மா தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். எண்பத்தொன்பது வயது. கல்யாணம் செய்துகொள்ளாதவள். இரண்டு பக்க நாற்காலிகளிலும் யார் யாருடைய கோட்டுகளோ கிடந்தன.

ஐந்நூறு வருஷம் யாருக்கும் தெரியாமல் கிடந்த ஓவியன் வெண்டல் ரவ்ஹூபர். அவன் வரைந்த நிர்வாண ஏவாள் படம் அந்த ஊர்த் தேவாலயத்தில்தான் இருந்தது, கழுத்திலிருந்து கால்வரை நீலக் கவுனோடு. கவுனை வரைந்தவள் வால்புர்கா. அறுபத்தைந்து வருஷத்துக்கு முன்பு, தேவாலயத்துச் சிலைகளுக்கு அவள்தான் வர்ணம் பூசுவாள்.

"வெட்கமாம் அவளுக்கு!"

"வெட்கமா? பொறாமைன்னு சொல்லு!"

காதில் விழும்படியே பேசிக்கொண்டு எல்லோரும் கேக் மேஜைக்குப் போனார்கள். அவளை யாரும் கூப்பிடவில்லை.

ஹாம்பர்க்கிலிருந்து வந்து, கவுனை நீக்கி அந்தப் படத்தைச் சுத்தம் செய்த இம்கே மட்டும் இரண்டு கப் காபியோடு வந்தாள். கோட்டுகளை நகர்த்திவிட்டு உட்கார்ந்தாள்.

வால்புர்கா மெதுவாகக் கேட்டாள். "கவுனை எடுக்கும்போது படத்துல கீறல் ஏதும் விழலையேம்மா?"

"ஒண்ணுகூட இல்ல. மருந்துப் பஞ்சால துடைச்சதுமே கழண்டு வந்துடுச்சு. கவுனுக்கு அடியில, படத்தைக் காக்கற மாதிரி ஒரு பூச்சு வார்னிஷ் இருந்துச்சே! படத்தைக் கெடுக்க நினைச்சவங்க அதைப் பூசியிருக்க மாட்டாங்க."

வால்புர்கா நிமிர்ந்து அவளைப் பார்த்தாள்.

"யாருக்குப் பயந்து மறைச்சீங்க?"

"அப்போ இருந்த பாதிரியார் படத்தை எரிச்சுடச் சொல்லிட்டார். விறகுகூட அடுக்கியாச்சு. ஒரே ஒரு நாள் தாங்கன்னு கெஞ்சினேன். மறுநாள் கவுனைப் பார்த்துட்டு, 'சரி, இருக்கட்டும்'னார்."

"அடக் கடவுளே! படத்தைக் காப்பாத்தினதே நீங்கதான். அந்தப் பாதிரியார் செத்து முப்பது வருஷமாச்சாமே, அப்புறமாவது சொல்லியிருக்கலாமே? ஊரே உங்களைக் கேலி பண்ணுது!"

வால்புர்கா கப்பைக் கீழே வைத்தாள்.

இம்கே எழுந்தாள். "இருங்க, இப்பவே மைக்குல சொல்லிடறேன்."

கிழவி அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

"வேண்டாம்மா. அவர் கல்லறைக்கு இந்த ஊர் ஜனங்க இன்னமும் பூ கொண்டுபோறாங்க. அது நின்னுடும்."

"நின்னா நிக்கட்டுமே! உங்களுக்கென்ன?"

"அவர் என் அண்ணன்."