அடிக்

பதாகையில் ‘முதியோரை வதைக்க’ என்று எழுதியிருந்தது.

‘வேண்டாம்’ என்ற சொல் பலூன் வளைவுக்குப் பின்னால் போய்விட்டது. யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. வரிசை பிரியாணிக்கு நின்றது.

சுங்கை பினாங் அடுக்குமாடிக்குக் கீழே, கார் நிறுத்துமிடத்தில் கூடாரம். முதியவரோடு வந்தால்தான் அரிசிப் பை என்று அறிவித்திருந்ததால், அன்று பல முதியவர்கள் வெயிலைப் பார்த்தார்கள்.

பழனியப்பனின் சக்கர நாற்காலியைத் தயாளன் நிழல் பார்த்து நிறுத்தினான்.

தட்டோடு கடந்த பக்கத்து வீட்டு லெட்சுமி நின்றாள். “குடுத்து வச்சவருண்ணே நீங்க. இந்தக் காலத்துல யாரு இப்படிப் பாக்குறா? எங்க வீட்டுலயும் ஒண்ணு இருக்கே, நான் வழுக்கி விழுந்தாக்கூட அது போன்லேர்ந்து தலைய தூக்காது லா.”

தயாளன் அடக்கமாகச் சிரித்தான். அடக்கம் அவனுக்கு நன்றாக வரும், வாசலுக்கு வெளியே.

பழனியப்பன் இன்றைக்கு ஒரே ஒரு சொல் சொல்ல வந்திருந்தார்.

பினாங்கு முழுக்கப் பேருந்து ஓட்டியவர். மூன்று மொழியில் திட்டத் தெரிந்தவர். தைப்பூசத்துக்கு இதே தயாளனைத் தோளில் வைத்துத் தண்ணீர்மலைப் படியேறியவர். பக்கவாதம் வந்தபோது வலது கையோடு பேச்சும் போனது. மலாய் போனது, ஹொக்கியன் போனது. தமிழில் ‘தண்ணி’யும் ‘போ’வும் மிஞ்சின.

காதில் விழுவதெல்லாம் புரியும். வாயில்தான் ஒன்றும் வராது.

தயாளனுக்கு வசதியான வியாதி.

சோறு சிந்தினால் அடி. படுக்கை நனைந்தால் அடி. சும்மா உட்கார்ந்திருந்தால், “என்ன பார்வை?” என்று ஒன்று. எல்லாம் வலது கையில்தான். அசையாத கைக்கு வலி தெரியாது என்பது அவன் நினைப்பு.

தெரியும்.

பிறகு முழுக்கைச் சட்டை மாட்டி, தலை வாரி, விபூதி பூசிவிடுவான். அதில் மட்டும் ஒரு குறை சொல்ல முடியாது.

அவன் பிறை தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போனதும் வெளியே பூட்டு விழும். அதன்பின் வீட்டில் பழனியப்பனும் சுவர் விசிறியும்தான். விசிறி தன் பக்கம் திரும்பும்போதெல்லாம் அவர் பழகினார். ‘அடிக்கிறான்’ என்று சொல்ல வேண்டும். நாக்கு ‘அடிக்’ வரைக்கும் ஏறும், அங்கே நின்றுகொள்ளும். அதற்குள் விசிறி மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு போய்விடும். அதற்குக்கூடக் கேட்கப் பொறுமை இல்லை.

பரவாயில்லை. ‘அடிக்’ போதும். மிச்சத்தைக் கேட்பவர் போட்டுக்கொள்வார்.

இரத்த அழுத்தம் பார்க்க வந்த தொண்டரின் பெயர் இக்மல். ஊதாச் சட்டை. நல்ல மனுஷன் என்பது பார்த்ததும் தெரிந்தது. சிமெண்டுத் தரையில் முட்டி போட்டு, கண்ணுக்கு நேராகக் கண்ணை வைத்தார். அந்த உயரத்துக்கு யாரும் இறங்கி வந்து ரொம்ப நாளாகியிருந்தது.

இக்மல் வலது கையைத் தொடப் போனார்.

“அது வேணாம் லா,” என்று தயாளன் மலாயில் தடுத்தான். “செத்த கை.”

இக்மல் இடது கைக்கு மாறினார். பட்டை இறுகியது. “வீட்டில் எல்லாம் நலமா, பாக்சிக்?” என்று அவரும் மலாயில், மாமா முறை வைத்துக் கேட்டார். கேட்டுவிட்டு, பதிலுக்காகக் காத்திருந்தார்.

மேடையில் குடியிருப்புச் சங்கத் தலைவர் ராமசாமி ஒலிபெருக்கி அதிர முழங்கிக்கொண்டிருந்தார். “வதைக்கிறவன் எங்கேருந்தோ வர மாட்டான்! நம்ம கூடவேதான் இருப்பான்!” தமிழ் தெரிந்த காதெல்லாம் அங்கே இருந்தன. மிச்சம் பிரியாணியில் இருந்தன.

பழனியப்பன் மூச்சைப் பிடித்தார்.

“அ… டிக்.”

இக்மலின் முகம் மலர்ந்தது.

மலாயில் ‘அடிக்’ என்றால் கூடப் பிறந்த இளையவர். தம்பியோ தங்கையோ.

“அடிக்கா, பாக்சிக்? அடிக்கைத் தேடுதா மனசு?” இக்மல் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். “எங்கே இருக்காங்க உங்க அடிக்?”

இல்லை, இல்லை என்று பழனியப்பன் தலையை ஆட்டினார்.

ஆட்டிய தலை பாதியில் நின்றது.

எந்த மொழியில் கேட்டால் என்ன? தம்பியானாலும் அடிக்கிறவனானாலும் காட்ட வேண்டிய ஆள் ஒன்றுதானே.

இடது கையைப் பட்டையோடு தூக்கி, தோளுக்குப் பின்னால் காட்டினார்.

இக்மல் நிமிர்ந்து பார்த்தார். “இவர் உங்க மகன் இல்லையா?”

நாற்காலியின் பிடி இறுகுவது பழனியப்பனுக்கு முதுகில் தெரிந்தது. அந்தக் கூடாரத்தில் அந்தச் சொல்லைத் தமிழில் கேட்டவன் அவன் ஒருவன்தான்.

“எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறாங்க.” தயாளன் மலாயில் சிரித்தான். “எங்க வீட்டுல நான் கடைக்குட்டி. அடிக் நான்தான்.”

இக்மல் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இரண்டு பேர் கையையும் சேர்த்துவைத்து ஒரு படம் எடுத்தார். அழுத்தம் கொஞ்சம் அதிகமாக இருக்கிறது, சந்தோஷத்தில் அப்படி ஏறும் என்றார்.

பழனியப்பன் மறுபடி சொன்னார். மறுபடியும் சொன்னார். ஒவ்வொரு தடவையும் இக்மல், புரிகிறது புரிகிறது என்று அவர் முட்டியைத் தட்டிக்கொடுத்தார்.

மேடையைப் பார்த்துக் கூட்டம் கைதட்டியது.

தயாளன் குனிந்தான். காதருகே, தமிழில், மரியாதை குறையாமல் சொன்னான்:

“வாங்கண்ணே. வீட்டுக்குப் போலாம்.”