வெட்டிவேர்த் தட்டி

ரயிலடிக்கு எதிரே குருவம்மாள் நடத்திய விடுதியில் பகலில் தூங்குவதற்கென்றே பயணிகள் இறங்குவார்கள். இலவம்பஞ்சு மெத்தை, சன்னலில் தண்ணீர் தெளித்த வெட்டிவேர்த் தட்டி. எவ்வளவு அசந்து தூங்கினாலும் கவலையில்லை. வண்டி முந்தின ஸ்டேஷனை விட்டதும் ரயிலடியில் மணி அடிப்பார்கள். அது கேட்டதும் குருவம்மாளே வந்து கதவைத் தட்டுவாள். ஒருநாளும் தவறியதில்லை.

அன்று வந்த கிழவரைக் குரலிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. முன்பு இங்கே ஸ்டேஷன் மாஸ்டராக இருந்த தெய்வநாயகம். காய்ச்சலில் துவண்ட பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் கதறி ஓடி வந்தபோது, பச்சைக்கொடியைத் தாழ்த்தாமல், "வண்டி யாருக்கும் காத்திருக்காதும்மா" என்றவர். அடுத்த வண்டி வருவதற்குள் பிள்ளை அவள் தோளிலேயே குளிர்ந்துபோனது.

அவருக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. "மணி அடிச்சதும் எழுப்பிடும்மா. மக ஆஸ்பத்திரியில கெடக்கா. அப்பா அப்பான்னு அரற்றுறாளாம்" என்றார்.

இருப்பதிலேயே நல்ல அறையைக் கொடுத்தாள். தலையணையைத் தானே தட்டிப் போட்டாள்.

மணி அடித்தது. கதவைத் தட்டக் கையை ஓங்கியவள் ஓங்கியபடியே நின்றாள். பிறகு செம்பை எடுத்துக்கொண்டு வெளிப்பக்கமாகப் போய், தட்டியை நிதானமாக நனைத்தாள். குளிர்ந்த மணம் அறைக்குள் இறங்கியது. எதிரே ரயிலின் புகை தெரிந்தது.

உள்ளே கட்டில் முனகியது. "ஏம்மா... மணி அடிச்சிருச்சா?"

"இன்னும் இல்லைங்க ஐயா," என்றாள் தட்டிக்கு இப்புறமிருந்து. "தூங்குங்க."