நூற்று அறுபது கெஜம்

அந்த ஆள் கறுப்புக் கருவி ஒன்றை ஒற்றைக் கண்ணில் வைத்து, பச்சையம்மாவின் வாசலைக் குறிபார்த்துக்கொண்டிருந்தான். வாசலில் மீன் வெட்டிக்கொண்டிருந்தவளின் கை அப்படியே நின்றது.

இந்த வாரம் முழுக்க இதேதான். காலையில் காரில் வருவான். படகுகளுக்கு அப்பால் மணலில் நின்று, குப்பத்தைப் பார்த்து ஏதோ பொத்தானை அழுத்துவான். போய்விடுவான்.

உள்ளே போய்ப் புருஷனை உலுக்கினாள். “யோவ், எந்திரி. மறுபடியும் வந்து நிக்கிறான்.”

கடலிலிருந்து திரும்பி அப்போதுதான் கண்ணயர்ந்திருந்தான் மாசிலாமணி. “எவன்?”

“அளக்கறவன்.”

அந்த ஒரு வார்த்தை போதும். பச்சையம்மா பிறந்த குப்பத்திலும் முதலில் யாரோ வந்து அளந்துவிட்டுத்தான் போனார்கள். இன்று அங்கே வீடுகள் இல்லை. அவள் அம்மா, கடல் கண்ணுக்கே தெரியாத ஏதோ ஒரு மாடியில் கிடக்கிறாள்.

மாசிலாமணி லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு மணலில் இறங்கினான். அவள் கத்தியைக் கீழே வைக்காமலே பின்னால் நடந்தாள். வலையில் மீன் பிரித்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள்.

“இன்னா சார், டெய்லி எங்க வூட்டயே பாத்துகினு கீறீங்க?”

அவன் கருவியைக் கண்ணிலிருந்து இறக்கினான். சின்ன வயசுதான். வெள்ளைத் தொப்பி, இடது கையில் மட்டும் உறை. கத்தியைப் பார்த்ததும் பின்வாங்கினான்.

“தப்பா எடுத்துக்காதீங்கண்ணா. என் பேர் கிரீஷ். அபிராமபுரத்துல இருக்கேன்.”

“பேரா கேட்டேன்? எந்த ஆபீசு? எப்ப இடிக்கப் போறீங்க?”

“ஐயோ, நான் கவர்மென்ட் ஆளே இல்லண்ணா. இது கோல்ஃப் ஆடறதுக்கு.” கருவியை நீட்டினான். “பந்து விழ வேண்டிய இடம் எவ்ளோ தூரம்னு லேசர்ல காட்டும். அதுக்கேத்த மட்டையை எடுத்து அடிப்போம். நீங்களே பாருங்க.”

மாசிலாமணி சந்தேகத்தோடு வாங்கிக் கண்ணில் வைத்தான். அவன் வீட்டு நீலக் கதவு, தொட்டுவிடலாம் போலப் பக்கத்தில் வந்து நின்றது. அதன் மேல் சிவப்பாக எண்கள்.

“நூத்தி அறுவதுன்னு போட்டுகீது.”

“கெஜம். ஏழாம் நம்பர் மட்டையில ஒரே அடி. தரை மேடா பள்ளமான்னுகூடக் காட்டும். போட்டின்னா மட்டும் அதை அணைச்சு வெச்சிடணும்.”

“ஏன் சார்?”

“அது ஏமாத்தறதா ஆயிடும்ல.”

பச்சையம்மா கருவியைப் பிடுங்கித் தானும் பார்த்தாள். கத்தி பிடித்திருந்த கை மெல்லத் தாழ்ந்தது.

“வெளாட்டு சாமானா இது? இதுக்கா நா ராவெல்லாம் தூங்காம கெடந்தேன்?”

வலைக்காரர்கள் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார்கள். கிரீஷும் மூச்சு விட்டான்.

“அண்ணா, சாயங்காலம் இங்க காத்து எந்தப் பக்கம் அடிக்கும்?”

“மத்தியானத்துக்கு மேல கடல்லேர்ந்து தள்ளும் சார். எங்க வூட்டுப் பக்கமா.”

அவன் தலையாட்டி, வாய்க்குள் ஏதோ கணக்குப் போட்டான்.

மாசிலாமணிக்கு அவனை மிரட்டியது சங்கடமாக இருந்தது. “மனசுல வெச்சுக்காதீங்க சார். பயந்துட்டோம். வூட்டுக்கு வாங்க, ஒரு டீ குடிச்சிட்டுப் போலாம்.”

மூவரும் வீட்டை நோக்கி நடந்தார்கள். கருவியைத் துடைத்துப் பைக்குள் வைத்தபடி, அவர்களுக்கு நடுவில் நிம்மதியாக வந்தான் கிரீஷ்.

பேச்சுக்குப் பச்சையம்மா கேட்டாள். “அதுக்கெல்லாம் பெரிய மைதானம் வேணுமே சார். எங்க ஆடறீங்க, கிண்டியிலயா?”

“இல்லக்கா, இங்கதான் வரப்போகுது.”