நாற்பது நிமிட வேஷம்

“மனுசன் கண்டுபிடிச்சதுலயே பெரிய பாவம் இந்த எமுலேட்டர்தானுங்க. என் உசுரு இருக்கற வரைக்கும் இதை எந்தக் கம்ப்யூட்டர்லயும் ஏத்தமாட்டேன்” என்றான் வம்சி, பதவிப் பிரமாணம் எடுக்கிறவன் மாதிரி.

பொள்ளாச்சியில் தேங்காய்க் கொப்பரை காயப்போடும் களத்து ஆபீசில் அவனுக்கு அன்று இரண்டாம் நாள். எடைச் சீட்டு அடிக்கும் கிழட்டுக் கம்ப்யூட்டரை வேகமாக்கினால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் சனிக்கிழமை ஊருக்கு பஸ்.

“அப்படி என்ன பண்ணுதுங்க அது?” என்றார் முதலாளி சென்னகேசவன்.

“மிஷினே கிழடுங்க. சீட்டு புரோகிராம் அதுக்கும் முந்தின ஓ.எஸ்.க்கு எழுதினது. அதனால இந்தக் கிழடு, தன்னைவிடப் பெரிய கிழடா நடிக்கோணும். தெம்பு பூரா நடிப்புக்கே போயிருதுங்க. தெனமும் காலைல வேசங்கட்டி முடிக்கவே நாப்பது நிமிசம்! எந்த மகராசனுங்க இதை ஏத்துனது?”

முதலாளி அண்ணாந்து மின்விசிறியைப் பார்த்தார். சீட்டுப் போடும் செவ்வந்தி இருமினாள்.

வம்சி எமுலேட்டரை அழித்துவிட்டு, பழைய ஓ.எஸ்.ஸையே நேராகப் போட்டான். மறுநாள் காலை சுவிட்சைத் தட்டினான். நாலே விநாடி. சீட்டு தயார்.

“சபாசுங்க தம்பி! வேலை உங்களுக்குத்தான்.” முதலாளி கை குலுக்கினார். “எங்கப்பா காலத்துல ஆபீசுல கை சும்மா இருந்தா, பெத்த மகன்னுகூடப் பாக்காமக் களத்துக்கு முடுக்கிப்போடுவாருங்க. இப்ப நாப்பது நிமிசம் மிச்சமில்லீங்களா? ரெண்டு பேரும் போயி கொப்பரையைத் திருப்பிப் போட்டுட்டு வாங்க.”

மூன்று நாள் வெயிலில் வம்சியின் மூக்குத் தோல் உரிந்தது. செவ்வந்தி அவனோடு பேசுவதையே நிறுத்திவிட்டாள்.

நான்காம் நாள் அரை மணி முன்னதாகவே வந்து, கம்ப்யூட்டர் முன்னால் குனிந்திருந்தான்.

“என்னங்க தம்பி தேடறீங்க?” செவ்வந்திதான்.

“அந்த எமுலேட்டருங்கக்கா... அழிச்சுப்போட்டேன். எங்கயாச்சும் காப்பி கெடக்குதுங்களா?”

“உசுரு இருக்கற வரைக்கும் ஏத்தமாட்டேன்னீங்க?”

“இன்னொரு நாள் கொப்பரை திருப்புனா அந்த உசுரே இருக்காதுங்கக்கா.”

செவ்வந்தி தன் மேசை டிராயரின் அடியிலிருந்து ஒரு பிளாப்பியை எடுத்து நீட்டினாள். “இருவத்தஞ்சு வருசமாப் பத்திரமா வெச்சிருக்கறனுங்க.”

சத்தமில்லாமல் அதைச் செருகப் போனவனின் கண்ணில் லேபிள் பட்டது. மங்கிய பால்பாயின்ட் எழுத்து:

‘செவ்வந்தி, அப்பாவுக்குத் தெரிய வேண்டாம். – சென்னகேசவன்.’